ஞானசுந்தரி வாத்தியாரம்மாவின் தேனீக் கும்மி

எங்கள் சபையின் ஐம்பதாம் ஆண்டு மலரில் ஞானசுந்தரி வாத்தியாரம்மாவுக்கு நாலு வரி ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் ஒரு வரி: "அன்னார் சிறுமியருக்குக் கும்மி பயிற்றுவித்து ஐரோப்பியரும் மெச்சும்படி செய்தார்." படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கும்மியில் பூவாக நின்ற பத்துப் பேரில் என் அம்மா ஃப்ளோராவும் ஒருத்தி. ஐரோப்பியர் எதை மெச்சினார்கள் என்று அவள் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். மலர்க் குழுவில் இருந்த யாரும் அவளிடம் வந்து கேட்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

ஞானசுந்தரி குடியாத்தம் பக்கத்துக் கிராமத்துப் பெண். மிஷன் விடுதியில் தங்கி ஏழாவது வரை படித்தவர். அந்தக் காலத்தில் அது பெரிய படிப்பு. பதினெட்டு வயதில் ஏசுபாதத்தைக் கட்டிக்கொண்டு கோலார் தங்க வயலுக்கு வந்தார். ஏசுபாதத்துக்குச் சுரங்கத்தில் மரம் முட்டுக்கொடுக்கும் வேலை. ஐந்து வருஷம் முட்டுக்கொடுத்தவர்மேல் ஆறாவது வருஷம் கல் சரிந்தது. காலையில் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கியவரைச் சாக்கில் சுற்றி மேலே கொண்டுவந்தார்கள். அடுத்த வருஷம் ஊரெல்லாம் பஞ்சம். இருந்த ஒரே பெண் குழந்தையும் வயிற்றோட்டத்தில் போயிற்று. குழந்தை கடைசி இரண்டு நாளும் கஞ்சி கேட்டதாம், வைத்தியர் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாராம். இதை அவர் என் அம்மாவிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

மிஷன்காரர்கள் பாவம் பார்த்து அவருக்குச் சுரங்கத் தொழிலாளிகள் குடியிருந்த லைனில் இருந்த பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தைக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் என்றால் தகரக் கொட்டகை, ஒரு கரும்பலகை, முப்பத்தொரு பிள்ளைகள். பாதிப் பேர் கிறிஸ்தவர்கள், பாதிப் பேர் இந்துக்கள், எல்லாரும் வடஆர்க்காட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் பெற்ற பிள்ளைகள். பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியதும் ஏழெட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குச் சாப்பிடப் போவார்கள். மற்றவர்களும் போவார்கள், தண்ணீர்த் தொட்டி வரைக்கும். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, சாப்பிட்டவர்கள் மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவார்கள். இரண்டு மணிக்கு மேல் பலகையில் எழுதியதைப் படிக்கச் சொன்னால் கண் சொருகும்.

பிள்ளைகளுக்கு மத்தியானம் ஆளுக்கொரு குவளை கேழ்வரகுக் கஞ்சி. ஞானசுந்தரிக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது அவ்வளவுதான். மிஷனுக்கு எழுதிக் கேட்டார். "கஞ்சிக்காகப் பள்ளிக்கூடம் வருகிறார்கள் என்ற பேச்சு நமக்கு வேண்டாம்" என்று ஏனோக் உபதேசியார் வாயிலாகப் பதில் வந்தது. உபதேசியார் நல்ல மனிதர்தான். மூன்று வேளையும் சாப்பிடுகிற நல்ல மனிதர்.

இந்தச் சமயத்தில்தான் துரைசானிக்குத் தேனீ ஆசை வந்தது. சுரங்கத்துப் பெரிய துரையின் மனைவியைத்தான் எல்லாரும் துரைசானி என்றார்கள். எந்தச் சுரங்கம், எந்தத் துரை என்று நான் சொல்லப்போவதில்லை. அவர்கள் பேரன் பேத்திகள் எங்கேயாவது நன்றாக இருந்துவிட்டுப் போகட்டும். துரைசானிக்குப் பூ என்றால் உயிர். லைனில் ஒரு குழாய்க்கு எழுபது குடம் வரிசையில் நிற்கும்போது அவள் பங்களா ரோஜாக்களுக்கு வண்டியில் தண்ணீர் வரும். பூச்சிகளைப் பார்த்துப் பார்த்துப் படம் வரைவாள். லண்டனிலிருந்து முதலாளிமார்கள் அக்டோபரில் வருகிறார்கள், அவர்கள் முன்னால் நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தேனீயும் பூவுமாக ஆடிக் காட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று வாத்தியாரம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். தேனீ ஒரு பூவிலிருந்து மகரந்தத்தை உடம்பில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போவதால்தான் உலகத்தில் காயும் கனியும் உண்டாகின்றன, இந்தப் பாடம் பிள்ளைகளுக்கு அவசியம் தெரிய வேண்டும் என்றாள்.

ஞானசுந்தரி அங்கேயே, நின்ற நிலையிலேயே, மத்தியானக் கஞ்சியைக் கேட்டார்.

துரைசானி கொஞ்சம் யோசித்தாள். "அவர்கள் மனம் குளிரட்டும். குளிர்ந்த கையோடு கேட்டு வாங்கித் தருகிறேன்" என்றாள். வாத்தியாரம்மா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்.

பதினாறு பிள்ளைகளைப் பொறுக்கினார். ஆறு தேனீ, பத்துப் பூ. தேனீ மாதிரி ஆடுங்கள் என்றதும் ஆறு பேரும் கையோடு கையைத் தேய்த்து, தலையைத் திருப்பித் திருப்பித் துடைத்துக்கொண்டார்கள். ஈ அப்படித்தான் செய்யும். லைனில் பிறந்த பிள்ளைகளுக்கு ஈ தெரியும், மூட்டைப்பூச்சி தெரியும். தேனீயை எங்கே கண்டார்கள்? சுற்றுவட்டார மரங்களையெல்லாம் வெட்டிச் சுரங்கத்துப் பாய்லரில் போட்டாயிற்று. மிச்சம் இருந்தது கல் அரைக்கும் ஆலையிலிருந்து வந்து மலையாகக் குவிந்த சாம்பல் நிற மண்தான்.

ஒரு சனிக்கிழமை பதினாறு பேரையும் பேத்தமங்களா ஏரிப் பக்கம் நடத்திக் கூட்டிப் போனார். ஏரிக்கு மேட்டுப் பக்கம் உச்செள்ளுக் காடு மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது, காடு முழுக்கத் தேனீ. மங்கம்மா என்ற பெண் மட்டும் வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஒன்பது வயது. சுரங்கத்துக் கல் பொறுக்கும் கொட்டகையில் வேலை செய்த தாயம்மாளின் மகள். மற்றவர்கள் பக்கத்து நிலத்தில் இறங்கிப் பச்சை அவரையைக் காயோடு தின்ன ஆரம்பித்தார்கள். நிலத்துக்காரன் கன்னடத்தில் கத்திக்கொண்டு கோலோடு ஓடிவந்தான். வாத்தியாரம்மா அவன் காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பிள்ளைகளைத் திரும்ப ஓட்டிக்கொண்டு வந்தார். ஆனால் மங்கம்மா தேனீயைப் பார்த்துவிட்டாள். மறுநாளிலிருந்து அவள் பூவை நெருங்குவதும், தயங்கி வட்டமடிப்பதும், சட்டென்று தலையைக் கவிழ்த்து நுழைவதும் பார்க்க அவ்வளவு அழகு. மற்ற ஐந்து பேரும் அவளைப் பார்த்து ஆடினார்கள். வாத்தியாரம்மாவே பாட்டுக் கட்டினார்:

பூவே பூவே கதவைத் திற
பொன்னின் தூளை எனக்குக் கொடு
போகும் வழியில் சிந்திப் போவேன்
பூமி எல்லாம் காய்க்கச் செய்வேன்

பாட்டெல்லாம் சரி, மகரந்தத்துக்கு எங்கே போவது? பூவாக நிற்கும் பெண் இரண்டு கையையும் குவித்து அதில் மஞ்சள் தூளை ஏந்த வேண்டும், தேனீ அதைத் தொட்டுக் கன்னத்தில் பூசிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போக வேண்டும். மஞ்சள்தூள் என்றால் எந்த வீட்டிலும் கிடைக்கும். ஏனோக் உபதேசியார் குறுக்கே விழுந்தார். "கிறிஸ்தவப் பிள்ளைங்க மொகத்துல மஞ்சள் பூசுறதா? மாரியாத்தா ஜோடனை ஆயிடும்மா. சபையில ஒத்துக்க மாட்டாங்க." எங்கள் சபையில் அப்போது மஞ்சள் பூசிக் குளித்த பெண்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டிப்பார்கள். வாத்தியாரம்மா வேறு வழி தேடினார். ஒத்திகைக்குச் செங்கல் தூள் வைத்துச் சமாளித்தார். ஆட்டத்தன்றைக்கு மட்டும் பொட்டுக்கடலை மாவு என்று முடிவாயிற்று. துரைசானி மாவு வாங்கி அனுப்பினாள். தன் பழைய திரைச்சீலையையும் இறக்கைக்குக் கொடுத்தாள். துணி விறைப்பாக நிற்கக் கஞ்சி போட்டார்கள். கஞ்சி கேட்டு ஆடப் போன பிள்ளைகளின் முதுகில் கஞ்சி.

ஆட்ட நாள் வந்தது. உடுப்பு அழுக்காகிவிடும் என்று காலை எட்டு மணிக்கே பிள்ளைகளைச் சபைக் கோயிலுக்குக் கூட்டிவந்து திண்ணைக்குக்கூட விடாமல் உள்ளேயே உட்கார வைத்தார்கள். பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது, ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. நாலு மணிக்குப் பங்களாப் புல்வெளி. நாற்காலி போட்டு முதலாளிமார்கள், துரைமார்கள், சீமாட்டிகள். பத்துப் பூவும் மண்டியிட்டு வட்டமாக உட்கார்ந்தன. வாத்தியாரம்மா ஒவ்வொரு கையிலும் பொட்டுக்கடலை மாவை அள்ளி வைத்துக்கொண்டே போனார். அப்போதுதான் வறுத்து அரைத்த மாவு. அம்மா சொல்வாள், "அந்த வாசன மூக்குல ஏறுனதும் பாட்டே மறந்துபோச்சுடா."

மங்கம்மா முதலில் வந்தாள். வட்டமடித்தாள். தலையைக் கவிழ்த்து என் அம்மாவின் கையிலிருந்து மாவைத் தொட்டாள். கையைக் கன்னத்துக்கு உயர்த்தினாள். கை கன்னத்துக்குப் போகவில்லை, வாயில் நின்றது. ஒரு விரலை நக்கினாள். பிறகு இரண்டு கையாலும் அள்ளினாள்.

மற்றத் தேனீக்கள் ஒரு நொடி பார்த்துவிட்டு அவரவர் பூவின்மேல் விழுந்தன. தேனீக்கு மட்டும்தானா பசி? பூக்களும் தங்கள் கையிலிருந்ததைத் தாங்களே தின்றன. என் அம்மாவும் தின்றாள். பாட்டு நின்றுவிட்டது, வாயெல்லாம் மாவு. ஒருத்திக்குப் புரையேறி இருமியதில் மாவு புகையாகக் கிளம்பியது. வாத்தியாரம்மா மட்டும் ஓரமாக நின்று தனியாகக் கைதட்டித் தனியாகப் பாடிக்கொண்டிருந்தார், எப்படியாவது பிள்ளைகள் திரும்பப் பிடித்துக்கொள்ள மாட்டார்களா என்று.

நாற்காலிகளில் ஒரே சிரிப்பு. ஒரு முதலாளி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். துரைசானி முதலில் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தாள். பெரியவர்கள் சிரிப்பதைப் பார்த்ததும் அவளும் சிரித்தாள். இன்னொரு தடவை ஆடச் சொன்னார்கள். மாவு தீர்ந்துவிட்டது.

மறுநாள் வாத்தியாரம்மா பங்களாவுக்குப் போனார். மன்னிப்புக் கேட்கத்தான் போனார். துரைசானி உற்சாகமாக இருந்தாள். இந்தியாவில் பார்த்ததிலேயே இதுதான் வேடிக்கை என்று முதலாளிமார்கள் சொன்னார்களாம்.

"அப்படியானால் கஞ்சி?" என்றார் வாத்தியாரம்மா.

"நேற்று எல்லாரும் சிரிப்பில் இருந்தார்கள், கேட்க நேரம் வாய்க்கவில்லை. டிசம்பரில் பெங்களூர்ப் பட்டாளத் தண்டிலிருந்து பெரிய அதிகாரிகள் குடும்பத்தோடு வருகிறார்கள். இதைக் கேள்விப்பட்டு ஆசையாக இருக்கிறார்கள். இன்னொரு தரம் ஆடட்டும். அன்றைக்கே என் கணவரிடம் கேட்டு வாங்கித் தருவேன், இது வாக்கு. ஆனால் ஒன்று, மாவைத் தின்கிறார்களே, அது கட்டாயம் இருக்க வேண்டும்."

"அது ஆட்டம் இல்லை அம்மா. பசியில் தின்றார்கள்."

துரைசானி தலையை ஆட்டினாள். "அப்படியானால் அன்றைக்கும் பசியோடு வரட்டும்."

அவள் கெட்டவள் இல்லை என்று அம்மா சொல்வாள். விருந்தாளிகள் வரும்போது பாத்திரத்தைத் துலக்கி வை என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாளாம். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

வாத்தியாரம்மா ஒப்புக்கொண்டார். இங்கேதான் என்னால் அவரை மன்னிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. ஒரு நாள் பட்டினி, அதற்குப் பிறகு வருஷம் முழுக்க முப்பத்தொரு பிள்ளைக்கும் கஞ்சி. யாராக இருந்தாலும் அந்தக் கணக்கைத்தான் போட்டிருப்பார்கள். ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பதினாறு வீட்டுக்கும் போனார். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "நாளைக்குக் காலையில பிள்ளைக்கு ஒண்ணும் குடுக்காதீங்க. இறக்கைய இறுக்கிக் கட்டுறோம், சுத்திச் சுத்தி ஆடுனா வாந்தி வரும்" என்றார்.

தாயம்மாள் கேட்டாள், "இன்னா வாத்தியாரம்மா, நான் தெனம் காலையில இன்னாத்த போட்டு அனுப்புறேன்னு நெனச்சிக்கினு இத வந்து சொல்றீங்க?"

வாத்தியாரம்மா தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

ஆனால் தாயம்மாளுக்கு மனது கேட்கவில்லை. அக்டோபரில் நடந்தது லைன் முழுக்கத் தெரிந்த கதை. தன் மகள் வெள்ளைக்காரன் வீட்டு வாசலில் மாவை நக்கினாள், எல்லாரும் சிரித்தார்கள் என்பது அவள் நெஞ்சில் இரண்டு மாசமாக உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்தவர் வீட்டுக்குப் போகிற பிள்ளையை வயிறு காயவிட்டு அனுப்பக் கூடாது, அங்கே போய் அவர்கள் தின்பதை வாய் பார்க்கும், பெற்றவளுக்குத்தான் மானக்கேடு. எங்கள் சனங்களில் கூழுக்கு இல்லாதவள்கூட இதை விட்டுக்கொடுக்க மாட்டாள். கடைசி வாய்ச் சோற்றைப் பிள்ளைக்குப் போட்டுத்தான் அனுப்புவாள்.

ஆட்டத்தன்று தாயம்மாள் வேலைக்குப் போகவில்லை. வீடு வீடாகப் போய் ஆளுக்கொரு கைப்பிடி கேழ்வரகு மாவு வாங்கினாள். பெரிய பானையில் களி கிண்டினாள், கருவாட்டுக் குழம்பு வைத்தாள். வாத்தியாரம்மா இறக்கைகளை வாங்கிவரப் பங்களாவுக்குப் போயிருந்த நேரத்தில் பதினாறு பேரையும் தன் மூங்கில் தட்டி வீட்டு முன்னால் வரிசையாக உட்கார வைத்து, போதும் போதும் என்கிறவரை போட்டாள். "எவளாச்சும் அங்க போயி கைய வாயில வெச்சீங்கோ, தோல உரிச்சுடுவேன்" என்றும் சொல்லி அனுப்பினாள். பிள்ளைகள் வாத்தியாரம்மாவிடம் மூச்சுவிடவில்லை.

அன்றைக்குப் போல் அந்தக் கும்மி யாரும் ஆடியிருக்க முடியாது. ஒரு அடி தவறவில்லை. மங்கம்மா உண்மையாகவே பறந்துவிடுவாள் போல இருந்ததாம். பூவைத் தொட்டு, கன்னத்தில் பூசி, அடுத்த பூவில் சிந்தி, மறுபடி எழுந்து. பதினாறு குரலும் ஒன்றாக ஒலித்தது. பாட்டு முடிந்தபோது பத்துப் பூவின் கையிலும் மாவு அப்படியே இருந்தது. ஒருத்தியும் உதட்டருகே கொண்டுபோகவில்லை.

வாத்தியாரம்மாவுக்கு முதலில் பெருமையில் கண் கலங்கிவிட்டது. பிறகுதான் நாற்காலிகளைப் பார்த்தார். நாலு கைதட்டல். ஒரு சீமாட்டி துரைசானியின் பக்கம் சாய்ந்து, அந்த வேடிக்கை எப்போது வரும் என்று கேட்டாள். எல்லாரும் தேநீர் குடிக்க எழுந்துவிட்டார்கள்.

வாத்தியாரம்மா காத்திருந்தார். துரைசானி வாக்குத் தவறவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். கணவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பிள்ளைகளுக்குக் கஞ்சி கேட்டாள். துரை பிள்ளைகளை வரிசையாகப் பார்த்தார். கையில் மாவை ஏந்திக்கொண்டு அசையாமல் நின்ற பத்துப் பேரையும் பார்த்தார்.

"எதற்கு? உணவைக் கையில் கொடுத்தும் ஒருத்திகூடத் தொடவில்லையே. வயிறு நிறைந்த பிள்ளைகள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அத்தோடு முடிந்தது. அடுத்த வருஷம் வண்ணத்துப்பூச்சி வைத்துப் பார்க்கலாம் என்றாள் துரைசானி.

பங்களா வெளிவாசலில் தாயம்மாள் நின்றிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "ஒரு பிள்ளயாச்சும் வாய் வெச்சுதா வாத்தியாரம்மா? சொல்லுங்க. வயிறு ரொம்பப் போட்டு அனுப்ச்சேன்ல!"

அப்போதுதான் ஞானசுந்தரிக்கு விஷயம் விளங்கியது. வாழ்நாளில் அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அன்றைக்குக் கத்தினார். பதினாறு பிள்ளைகளுக்கு முன்னால் கத்தினார். "உன்னாலதான் போச்சு! உன் களியாலதான் போச்சு! பட்டினியா அனுப்புன்னு வந்து சொன்னேனே, கேட்டியா? தின்னாத்தான் அவங்க சிரிப்பாங்க, சிரிச்சாத்தான் கஞ்சி. வருஷம் முழுக்க வர வேண்டிய கஞ்சிய ஒரு வேளை களியில தொலச்சிட்டியே!"

தாயம்மாள் முழுவதையும் கேட்டாள். சிரிப்பு அடங்கியது. "அவங்க சிரிக்கிறதுக்கா எம் பொண்ண காயப் போடச் சொன்னீங்க?"



தாயம்மாள் மகளைப் பக்கத்தில் இழுத்து முதுகிலிருந்த இறக்கையை முடிச்சு முடிச்சாக அவிழ்த்தாள். மடித்து வாத்தியாரம்மாவின் கையில் கொடுத்தாள். "அவ கஞ்சிய அவளே சம்பாரிச்சிக்குவா. வாடி."

மறுநாள் காலை ஷிப்டுக்கு மங்கம்மா அம்மாவோடு கல் பொறுக்கும் கொட்டகைக்குப் போனாள். வாத்தியாரம்மா மூன்று தடவை அவர்கள் வீட்டுக்கு நடந்தார். இரண்டு தடவை தாயம்மாள் கதவைத் திறக்கவில்லை. மூன்றாவது தடவை மங்கம்மாவே வெளியே வந்தாள், கையெல்லாம் கல்லில் கிழிந்து துணி சுற்றியிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடு என்று வாத்தியாரம்மா அழுதுகொண்டே கூப்பிட்டார். அந்தப் பெண் மரியாதையாக நின்று கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எனக்கு இப்போ மத்தியானம் களி இருக்குது வாத்தியாரம்மா. நீங்க போங்க."